உள்பக்கத்துப் பட்டன்

"அத்தை, உன் கழுத்துல யாரு ஜிப் வச்சுத் தைச்சது? அதைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்?"

ஆறு வருடங்களுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று கேட்ட கேள்வி இது. கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்து, தையல் பிரித்து, தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பிய முதல் நாள். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது அண்ணி.

தங்கையும் சிரித்தாள். மறுநாள் கடைக்குப் போய், தாடை வரை மூடுகிற உயரக் கழுத்து ஸ்வெட்டர் மூன்று வாங்கி வந்தாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பதினொரு வயது. இன்னும் கேள்வி ஓயவில்லை. வீட்டில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்றே பெயர். தங்கையின் கழுத்தும் இன்னும் வெளியே வரவில்லை. குடிநீர் வாரிய அலுவலகத்தில் முன் கவுண்டரில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தவள், தானே எழுதிக் கொடுத்துப் பின்கட்டு ஆவண அறைக்குப் போனாள். ஆறு வருடமாக அவளைப் பார்ப்பவை கோப்புகள் மட்டும்தான். கோப்புகள் யார் கழுத்தையும் உற்றுப் பார்ப்பதில்லை.

இப்போது முன் கவுண்டருக்கு ஒரு தலைமைப் பொறுப்பாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. தங்கை மனுப் போட்டுவிட்டாள். போட்ட நிமிடத்திலிருந்து பயம். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நேர்காணல்.

அண்ணி முன்னறையில் பின்னல் மெஷின் வைத்து ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பவள். நேர்காணலுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒன்று பின்னித் தரச் சொல்லித் தங்கைதான் கேட்டாள். "உயரக் கழுத்து வேணாம்மா, உன் முகம் பாதி அதுல மூழ்கிடுது" என்றாள் அண்ணி. "எனக்கு அதுதான் வேணும்" என்றாள் தங்கை. ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தாள். தாடை வரை கச்சிதமாக ஏறியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலையே, அலுவலகத்தில் தபால் பிரிவைப் பார்க்கும் அக்கா இவர்கள் வீட்டு மாடிப்படியில் இறங்கி வருவதைத் தங்கை தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டாள். கையில் காலிப் பை. வரும்போது அந்தப் பையில் என்ன இருந்தது? 'உனக்கு ஏம்மா எப்பப் பார்த்தாலும் கழுத்துல குளிரு?' என்று அலுவலகத்தில் ஓயாமல் கேட்கிறவளுக்கு, அண்ணியிடம் என்ன வேலை? அண்ணி வாயைத் திறந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றுபோனது. எல்லாச் செய்தியும் கேள்விக்குறி வழியாகத்தான் போய்வருகிறது.

இன்று காலை ஆறரை மணிக்குத் தங்கை முன்னறைக்குள் நுழைந்தாள். நாற்காலியின் முதுகில் சாம்பல் ஸ்வெட்டர் தொங்கியது.

எடுத்து விரித்தாள். அப்படியே நின்றாள்.

உயரக் கழுத்து இல்லை. அதைப் பிரித்து எடுத்திருந்தார்கள். முன்பக்கம் 'வி' வடிவத்தில் திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில், ஒன்றின் மேல் ஒன்று மடிந்து விழும்படி, இரண்டு அகலப் பட்டிகள். சன்னலோரக் கயிற்றில், பிரித்த நூல் வளையமாகச் சுற்றிய சிட்டமாகத் தொங்கியது. நனைத்து, சுருள் போவதற்காக அடியில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் அண்ணி.

தங்கை மெஷின் பக்கத்திலிருந்த தகர டப்பாவைத் திறந்தாள். பிறர் பெட்டியைத் திறப்பது தவறு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். சந்தேகம் வந்த கை அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

மேலாகவே ஒரு கட்டம் போட்ட தாள் இருந்தது. பென்சிலால் ஒரு கழுத்து. தோள், தாடை, நடுவே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'மூன்று அங்குலம்'. கீழே, 'இடது பக்கம் சன்னல். எதிரே மூன்று பேர்.'

அவளுடைய கழுத்து. அவளுடைய தழும்பு. அளவோடு!

யாருக்குக் காட்ட வரைந்தது இது? எதிரே மூன்று பேர் என்றால் எந்த மூன்று பேர்? இந்தத் தழும்பைப் பற்றி எத்தனை பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். ஸ்வெட்டரையும் சுருட்டித் திணித்தாள், சாட்சிக்கு.

அறைக்கு வந்து பழைய பழுப்பு நிற உயரக் கழுத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவிடுக்கில் கேள்விக்குறியின் தலை தெரிந்தது. வாயில் பல்துலக்கி.

"அத்தை, ஏன் இதைப் போடுற? முழங்கைல ஓட்டை இருக்கே?"

"இருக்கட்டும். எனக்கு யாரும் புதுசா பின்னித் தரல."

"அம்மா தந்தாங்களே? அத்தை, அம்மா உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. அதுல உள்பக்கமா..."

"போதும்டி. உங்கம்மா சொன்னது செஞ்சது எல்லாம் போதும். நான் கேட்டது என்ன, அவங்க பண்ணியிருக்கறது என்ன?"

"முழுசா கேளேன் அத்தை. உள்ள ஒரு..."

கதவு சாத்தப்பட்டது.

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "சொன்னியாடி?"

"பாதி சொன்னேம்மா. மீதிக்குக் கதவு விடல."

அண்ணி வெளியே வந்து பார்த்தபோது, தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டிருந்தாள். அண்ணி வலது மணிக்கட்டில் வலிக்குச் சுற்றியிருந்த துணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி நின்றாள்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஏழரை மணி வண்டி அவனுடையது. தங்கை தினமும் அதில்தான் போவாள். புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தங்கை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று, சாம்பல் ஸ்வெட்டரை அவன் மடியில் போட்டாள்.

"பாரு, உன் பொண்டாட்டி வேலையை."

அண்ணன் அதைத் தூக்கி இரு பக்கமும் திருப்பினான். "நல்லாத்தானே இருக்கு?"

"கழுத்தைப் பாரு. இத்தனை திறந்து வச்சா எனக்கு எல்லாம் வெளிய தெரியாது?"

"எனக்கு ஸ்டியரிங் தெரியும். ஸ்வெட்டர் தெரியாது, தாயே."

"விளையாடாத. அண்ணிக்கும் எங்க ஆபீஸ் தபால் அக்காவுக்கும் என்ன பேச்சு? உனக்குத் தெரியும். மறைக்கிற."

அண்ணன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். பதினைந்து வருடமாக இரண்டு பெண்களுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிறவன். எந்தத் திருப்பத்தில் ஒலிப்பான் அடிக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"நாலு நாளா அவ கை வலியோட உக்காந்து பின்னினா. எதுக்குடின்னு கேட்டேன். 'உங்களுக்கு வேண்டாத விஷயம், சாப்டுங்க'ன்னா. சாப்ட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அந்தம்மா பையில என்ன கொண்டு வந்தாங்க?"

"என்னைக் கேட்டா? டிக்கெட் குடுக்கறவரைக் கேளு." ஸ்வெட்டரை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். எஞ்சின் உறுமியது. "உக்காரு. நின்னுட்டு சந்தேகப்பட்டா விழுந்துருவ."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் கழுத்துப் பட்டியை மேலே இழுத்து விட்டுக்கொண்டே போனாள்.

ஆவண அறையில் மதியம் ஒரு மணி வரை பொறுத்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை. தபால் பிரிவுக்குப் போனாள். அக்கா பசையும் முத்திரையுமாக உறைகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம்.

தங்கை தாளை விரித்து மேசையில் வைத்தாள்.

"இது என்னக்கா?"

அக்கா நெற்றியைத் தடவி, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகம் மாறியது. "இது உன் கையில எப்படி வந்துச்சு?"

"அப்ப உங்களுக்குத் தெரியும். எதிரே மூணு பேருன்னு யாரு எழுதினது? என் கழுத்தைப் பத்தி எங்கெங்க பேசினீங்க?"

"கத்தாதம்மா. உக்காரு."

"உக்கார மாட்டேன்."

"சரி, நின்னுட்டே கேளு. எதிரே மூணு பேருன்னா, உன்னைக் கேள்வி கேக்கப் போற மூணு பேரு. சன்னல்னா, நேர்காணல் ரூம் சன்னல். சொன்னது நான், எழுதினது உங்கண்ணி. போன வாரம் அவங்க என்னைத் தேடி இங்க ஆபீஸ் வாசலுக்கு வந்தாங்க. 'நாற்காலி எந்தப் பக்கம் போடுவாங்க, வெளிச்சம் எந்தப் பக்கத்துல விழும்'னு கேட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறவங்க கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

தங்கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"வெளிச்சம் வர்ற பக்கத்து மடிப்பு மேல வரணுமாம். இல்லன்னா இடுக்கு வழியா உள்ள தெரியுமாம். அந்தம்மா எனக்குப் பாடமே எடுத்துட்டாங்க, போ. வட்டக் கழுத்து வச்சா, கரெக்டா தழும்பு மேல உக்காந்து அடிக்கோடு போட்ட மாதிரி காட்டுமாம். படகு மாதிரி அகலமாத் திறந்த கழுத்துன்னா தோளை அகலமாக்கி உன்னைக் குள்ளமாக் காட்டுமாம். உயரக் கழுத்துல மறையும். ஆனா முகமும் சேர்ந்து மறைஞ்சிரும், பேசும்போது தாடையை உள்ள இழுத்துப்பா, குரலே வெளிய வராதுன்னாங்க. நீ அப்படித்தானே பேசுற? நான் ஆறு வருஷமா 'என்ன, என்ன'ன்னு ரெண்டு தரம் கேட்டுத்தானே உன்கிட்ட ஃபைல் வாங்கறேன்?"

தாடையை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதைத் தங்கை அப்போதுதான் உணர்ந்தாள்.

"'வி' கழுத்து வச்சா குட்டைக் கழுத்து நீளமாத் தெரியும், முகம் எடுப்பா இருக்கும். ஆனா தழும்பு தெரியும். அதுக்குத்தான் குறுக்கால மடிக்கிற பட்டி. இது நீளமாவும் காட்டும், மூடவும் மூடும். மூணு தரம் பிரிச்சுப் பின்னினாங்களாம், போன்ல சொன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வேணாம்னுருவியாம். போட்டுப் பார்த்தா வேணாம்னு சொல்ல மாட்டியாம்." அக்கா ஓர் உறையை எடுத்து, ஒட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொன்னாங்க. சொல்லலாமான்னு தெரியல. புள்ளை ஏதோ ஜிப்புன்னு கேட்டுச்சாமே ஒரு நாள்? அப்ப இவங்கதான் முதல்ல சிரிச்சாங்களாம். 'சிரிக்கலன்னா அங்கேயே அழுதுருவேன்னு பயந்து சிரிச்சேன், அவ பார்த்த பார்வை இன்னும் மறக்கல, அந்த ஒரு சிரிப்பை மட்டும் என்னால பிரிச்சுப் பின்ன முடியலக்கா'ன்னாங்க."

முத்திரை மேசையில் ஈரமாகக் கிடந்தது. வெளியே யாரோ தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "அப்ப பையில என்னக்கா கொண்டு வந்தீங்க?"

அக்காவின் கை நின்றது. கண்ணாடி மறுபடி நெற்றிக்கு ஏறியது.

"அது வேற விஷயம். அதை உங்கண்ணிகிட்டத்தான் நீ கேக்கணும்."

ஒரு சந்தேகம் தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. ஆனால் மணி ஒன்றரை ஆகியிருந்தது.

கழிவறைக் கண்ணாடி முன் நின்று பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து சாம்பல் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடது பட்டியை மேலாக மடித்தாள். கண்ணாடியில் ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். கழுத்து உள்ளவள். ஆறு வருடமாக அவளைத் தங்கை பார்க்கவில்லை. தழும்பு எங்கே என்று தேடினாள், மடிப்புக்குள் இருந்தது.

நேர்காணல் அறையில் இடது பக்கம் சன்னல். எதிரே மூன்று பேர். நடுவில் தலைமைப் பொறியாளர், ஒரு புறம் கணக்கு அதிகாரி, மறுபுறம் நரைத்த தலை அம்மாள் ஒருவர்.

"ஒருத்தர் கவுண்டர்ல வந்து சத்தம் போடறார். மூணு மாசமா தண்ணி வரல, புகாருக்கு நம்பர் இல்ல, ரசீது இல்ல. என்ன பண்ணுவீங்க?"

"தெரு பேரைக் கேப்பேன் சார். தெரு சொன்னா எனக்கு ஃபைல் தெரியும். ஃபைல்ல வால்வு யார் பொறுப்புன்னு இருக்கும். அவர் சத்தம் போட்டு முடிக்கறதுக்குள்ள அந்த ஆளுக்கு நான் போன் போட்டிருப்பேன்."

"எல்லாத் தெருவுமா தெரியும்?"

"ஆறு வருஷமா அந்த ரூம்ல வேற என்ன சார் படிக்கறது?"

கணக்கு அதிகாரி சிரித்துவிட்டார். பொறியாளர் ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். அவள் கோப்பு எண்ணைச் சொன்னாள். இன்னொன்று, அதற்கும் சொன்னாள். வரைபடத்தை எட்டி விரித்து, குனிந்து, எந்தக் குழாய் எங்கே உடைகிறது என்று விரலால் காட்டினாள். நரைத்த தலை அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் இத்தனை நாள் பின்னாடி உக்காந்திருந்தீங்க?"

"பயந்துகிட்டு, மேடம்."

அம்மாள் தலையசைத்தார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மனுப் போட்டிருந்த மற்ற இருவரும் உள்ளே போய் வந்தார்கள். பிறகு பொறியாளரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உங்களுக்குத்தான். திங்கட்கிழமைலேர்ந்து முன்னாடி வந்து உக்காருங்க. ஃபைல் ரூம் சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிங்க."

முகம் கழுவக் கழிவறைக்குப் போனாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

இரண்டு பட்டிகளும் பக்கத்துக்கு ஒன்றாக விலகிக் கிடந்தன. தழும்பு முழுசாக வெளியே தெரிந்தது. மூன்று அங்குலம். சன்னல் வெளிச்சத்தில், எதிரே மூன்று பேர் பார்க்க! வரைபடத்துக்குக் குனிந்தபோது விலகியிருக்க வேண்டும். அதன்பின் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். யார் கண்ணும் கீழே இறங்கியதாக அவளுக்கு நினைவில்லை. அவள் கையும் கழுத்துக்குப் போகவில்லை.

பட்டியை இழுத்து மூடப் போனபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. உள்பக்கத்தில், மடிப்புக்கு அடியில், குண்டுமணி அளவில் ஒரு பிரஸ் பட்டன். மேல் பட்டியில் ஒரு பாதி, கீழ்ப் பட்டியில் ஒரு பாதி. அழுத்தியிருந்தால் எவ்வளவு குனிந்தாலும் விலகியிருக்காது.

'உள்ள ஒரு...' என்று குழந்தை சொல்ல வந்தது இதைத்தான். கதவைச் சாத்தியவள் இவள்தான்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள். நாம் ஒருவர் மேல் சந்தேகப்படும்போது அவர் நமக்காகச் செய்து வைத்த காரியத்தில் ஒரு பகுதி வீணாகிறது. அப்படியும் இறைவன் சில நாள் நம்மைக் கைவிடுவதில்லை. பட்டன் போடாத கழுத்தோடும் கரை சேர்த்துவிடுகிறான்.

நான்கரை மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மேசையில் கேள்விக்குறியின் எழுத்தில் ஒரு சீட்டு: 'பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அம்மாவும் நானும் ஐந்தரைக்கு வருவோம். உனக்கு வேலை கிடைச்சாச்சா? உள்ளே பட்டன் இருக்கு!!!'

மூன்று ஆச்சரியக் குறிகள். கேள்விக்குறி மற்ற குறிகளையும் கற்றுக்கொண்டு வருகிறாள்.

தங்கை முன்னறைக்குப் போனாள். சிட்டம் காய்ந்திருந்தது. பூட்டை அவிழ்த்து வைத்தாள். இந்த நூலை உருண்டையாகச் சுற்ற வேண்டும். மணிக்கட்டு வலியோடு அண்ணிதான் சுற்ற வேண்டும். தங்கைக்குப் பின்னத் தெரியாது. சுற்றத் தெரியும். சிட்டத்தை இரண்டு நாற்காலிகளின் முதுகில் மாட்டி, முனையைத் தேடி எடுத்து, சுற்ற ஆரம்பித்தாள். இறுக்கிச் சுற்றினால் நூல் செத்துப்போகும் என்று அண்ணி யாரிடமோ சொன்னது நினைவுக்கு வந்தது. விரலை நடுவில் வைத்துத் தளரச் சுற்றினாள். ஒரு முடிச்சு விழுந்தபோது வெட்டவில்லை. உட்கார்ந்து நிதானமாக எடுத்தாள்.

மூன்று உருண்டைகள் ஆயின. கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மடித்த கோட்டை நகத்தால் நீவி நேராக்கி, தகர டப்பாவைத் திறந்து, காலையில் இருந்த இடத்தில் வைக்கப் போனாள்.

அந்த இடத்துக்குக் கீழே ஒரு பழுப்பு உறை இருந்தது. காலைக் கோபத்தில் கண்ணில் படாதது. தூரத்து ஊர் முத்திரை. தபால் அக்காவின் பசை மணம்; அவள் பையில் வந்தது இதுதான். முகவரியில் அண்ணன் பெயர் இல்லை. அண்ணி பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் முதலெழுத்து, கல்யாணத்துக்கு முந்தையது. உறையின் வாய் பிரித்துத் திறந்தே இருந்தது. உள்ளே தாளின் ஓரம் தெரிந்தது.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கடிகாரத்தில் ஐந்தே கால்.

காலையில் இதே டப்பாவை இதே கை திறந்தது. கேட்காமல் எடுத்தது. அண்ணியின் நாலு நாள் உழைப்புக்கு ஒரு நிமிடத்தில் துரோகம் என்று பெயர் வைத்தது. அதை அண்ணியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். அண்ணி உடனே 'விடும்மா' என்பாள். விட்டுவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

தங்கை தாளை உறையின் மேல் பரப்பி வைத்தாள். உறையை முழுசாக அது மறைக்கும்படி ஓரங்களைச் சரிசெய்தாள். மூடியை அழுத்தினாள். டப்பாவின் பிடி காலையில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று யோசித்து, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். உருண்டைகளை மெஷினுக்குப் பக்கத்துக் கூடையில், மற்ற நூல்களோடு நூலாகப் போட்டாள்.

கீழே படியில் கேள்விக்குறி எதையோ கேட்டுக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. தங்கை நாற்காலிகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, மடியில் ஒட்டியிருந்த சாம்பல் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னலுக்கு வெளியே ஊதிவிட்டாள்.